பொறி தாண்டும் இடைவெளி

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் ஸ்பார்க் பிளக்கைத் தொட வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். விடிந்தும் விடியாமலும், தெருக்குழாயில் குடங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்னால், இந்த வேலையை வைத்துக்கொள்வது என் வழக்கம். ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை எஃகு. சூட்டோடு சூடாகத் திருகினால் அலுமினிய மரை தாங்காது. பிளக் வெளியே வரும்போது அதையும் உரித்துக்கொண்டு வந்துவிடும்.

பிளக்கின் கேப்பை உருவும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கேப்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அடுத்தது ஊதுவது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் எப்போதும் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். ஒரு சிட்டிகைதான். பிளக் வெளியே வந்த மறுகணம் அது சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் சுவரைத் தேய்க்கும். சைக்கிள் பம்ப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாயால் ஊதினாலும் போதும், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

திரும்பப் போடும்போது ஸ்பேனரைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் பாடம். விரல் நுனியால் பிளக்கைப் பிடித்து, முதலில் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சுற்றினால் மரையோடு மரை சேரும் இடத்தில் சின்னதாக ஒரு ‘டிக்’ தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்ற வேண்டும். சரியாகக் கவ்வியிருந்தால் கடைசிச் சுற்று வரை விரலுக்கே இணங்கி இறங்கும். நடுவில் இறுகினால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். உடனே கழற்றிவிட வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. அடியில் உட்கார்ந்த பிறகே ஸ்பேனர். வாஷர் புதிது என்றால் அரைச் சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும்.

அந்த அளவோடு நிறுத்துவது கைக்கு எளிதில் வருவதில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் பத்திரம் என்று தோள்பட்டை சொல்லிக்கொண்டே இருக்கும்.

*

என் வண்டி வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய புல்லட். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. இங்கிலாந்தில் ரெட்டிட்ச் ஊரிலிருந்த கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியாவைக் கொண்டுவந்தார்கள். ரெட்டிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. அங்கே வரைந்த இன்ஜினைத் திருவொற்றியூர் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்துகொண்டிருந்தது. ஒரு இயந்திரம் இவ்வளவு காலம் மாறாமல் இருந்ததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வரம். அப்பா காலத்து மெக்கானிக் சொன்னது என் கைக்கும் பொருந்துகிறது. எதையும் திறந்து பார்க்கலாம், எல்லாம் கைக்கு எட்டும், எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம்.

*

கழற்றிய பிளக்கைத் துடைத்துவிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும்.

நடு எலக்ட்ரோடைச் சுற்றியிருக்கும் பீங்கான் மூக்குதான் படிக்க வேண்டிய இடம். பட்டறையில் ‘பிஸ்கட் கலர்’ என்பார்கள். அந்த நிறம் இருந்தால் பெட்ரோலும் காற்றும் அளவாகச் சேர்ந்து எரிகின்றன. விரலில் ஒட்டுகிற உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது பொறியே பலவீனம். எண்ணெய்ப் பசையோடு ஈரக் கறுப்பு என்றால் கீழே ரிங் தேய்ந்திருக்கலாம், மேலே வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று, பொரிந்தது போன்ற புள்ளிகளோடு இருந்தால் சூடு மீறுகிறது. எங்கோ காற்றுக் கசிகிறது, இல்லையென்றால் டைமிங் முந்துகிறது.

இந்தப் படிப்பிலும் கவனம் வேண்டும். வாசலில் ஐடிலில் ஓடவிட்டு அணைத்த வண்டியின் பிளக், ரோட்டில் ஓடியபோது உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் அது வாழ வேண்டும். மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடுகிற வண்டியில் அந்தக் கீழ் எல்லையே எட்டாது. அதனால் பைபாஸில் கொஞ்ச தூரம் ஒரே சீராக ஓட்டி, வேகத்திலேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறும் வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது தெரிவதுதான் நிஜ நிறம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நின்ற பிறகு அந்த நிறமும் முன்பு போல அழுத்தமாக விழுவதில்லை. மூத்த மெக்கானிக்குகள் கற்ற கண்ணைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

*

இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே 0.6 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜின் தகடு லேசான உரசலோடு போய்வர வேண்டும். வளைத்துச் சரிசெய்வதென்றால் வெளி எலக்ட்ரோடை மட்டும்தான் தொடலாம். நடுவிலிருப்பதை நெம்பினால் பீங்கான் கீறும், அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

காற்று மின்சாரத்தை விடாது. சாதாரண அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் காற்றை உடைத்துத் தாண்ட ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். பிஸ்டன் மேலேறி அந்தக் காற்றை நெருக்கிவிட்டால் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வேண்டும். பிளக்கைக் கழற்றி, கேப்பை மாட்டி, உடம்பை ஹெட்டின் மீது சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்தால் பொறி தெரிகிறது, ‘கரண்ட் வருது’ என்று சொல்லிவிடுகிறோம். வெளியே வருகிறது, சரி. உள்ளே நெருக்கத்திலும் வருகிறதா என்பது வேறு கேள்வி. வெளியே நன்றாகத் தெரிந்த பொறி உள்ளே தோற்றுப்போவது அடிக்கடி நடக்கும். ஆகவே பொறி இருக்கிறதா என்பதோடு எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீலமாக, தடிமனாக, ‘சட்’ என்ற சத்தத்தோடு தாண்டினால் உள்ளேயும் தாண்டும். மஞ்சளாக, நூல் மாதிரி நெளிந்தால் நம்பக் கூடாது.

இந்தச் சோதனையில் இரண்டு எச்சரிக்கை. பிளக்கின் இரும்பு உடம்பு ஹெட்டை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், கையில் பிடித்துக்கொள்ளக் கூடாது. மின்னணு முறையில் பொறி தரும் சிடிஐ வைத்த வண்டிகளில் எர்த் இல்லாமல் மிதித்தால் சிடிஐ யூனிட்டே போய்விடலாம். இன்னொன்று, பிளக் கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சிக்கொண்டு வரும். பொறியை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் இந்த ஒற்றைச் சிலிண்டரில் நொடிக்கு 25 பொறி. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரம் அந்தச் சுற்றிலேயே போனால் 90,000. அத்தனையும் நம் முழங்காலுக்குக் கீழே, இருட்டில், அரை மில்லிமீட்டர் சொச்சத்தில் நடக்கிறது. ஒன்று தவறினால் உடம்புக்குத் தெரிகிறது. வண்டி லேசாகத் திக்கி மறுபடி எழுகிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காதைவிட முதுகெலும்புக்குத்தான் அது முதலில் எட்டும்.

*

என் ஊரில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. துறைமுகச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் காலத்தில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசவைக்கும். ஆனி, ஆடிக் காற்று அதன் தூசியைத் தெருத்தெருவாகக் கொண்டுவரும். செம்பு இங்கே சீக்கிரம் பச்சை பூக்கும். நட்டுகள் இறுகிப்போகும். வண்டியில் பாகங்களைவிட இணைப்புகள் சீக்கிரம் கெடுகிற ஊர் இது.

எனக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சி, யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் முதலில் எதையும் கழற்ற மாட்டார். குத்தவைத்து உட்கார்ந்து, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அசைத்துப் பார்ப்பார். வந்தவருக்குப் பொறுக்காது. “அண்ணாச்சி, பிளக்கு போயிருக்கும், புதுசு ஒண்ணு போட்டுருங்க” என்பார்கள். அவர் நிமிராமலே, “ஜாயிண்ட தொட்டுப் பாத்துட்டு அப்புறம் பார்ட்ஸ மாத்துவோம்டே” என்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம். அதில் இன்னும் நான் முழுசாகத் தேறவில்லை என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதில் அறிவைவிடப் பொறுமை அதிகம் வேண்டியிருக்கிறது.

மின்சாரம் போகும் வழியை மனதுக்குள் நடந்து பார்ப்பேன். பேட்டரியின் 12 வோல்ட், ஆம்மீட்டர், சாவி, காயில். காயிலிலிருந்து பாயிண்ட், பாயிண்டிலிருந்து எர்த். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தம் நிறைகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தக் காந்தம் சரிகிறது. அந்தச் சரிவில் காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. ஃபாரடே 1831-ல் கண்டறிந்த தூண்டல்தான் இது. எழுந்த மின்சாரம் தடித்த ஹெச்.டி. ஒயர் வழியாக இறங்கி, கேப்புக்குள் போய், பிளக்கின் தலைக்கு வந்து, இடைவெளியைத் தாண்டி, இரும்பு உடம்பு வழியாக ஹெட்டுக்கும் சேசிஸுக்கும் திரும்புகிறது. இந்தப் பாதையில் பாகங்கள் கொஞ்சம், அவை சேரும் இடங்கள் நிறைய.

பிளக்கின் தலையில் கடுகு டப்பா மூடி அளவுகூட இல்லாத ஒரு சின்ன நட்டு இருக்கும். சில கேப்புகளுக்கு அது வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், அதனால் கழற்றக்கூடியதாகவே செய்திருக்கிறார்கள். யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. இன்ஜினின் அதிர்வில் அது தளர்ந்துவிட்டால், கேப் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும், அது மட்டும் பிளக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஐடிலில் நன்றாக ஓடும், வேகம் எடுத்தால் மிஸ் அடிக்கும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், ஜெட்டைக் குத்துவார்கள், பெட்ரோலில் தண்ணீர் என்பார்கள். கட்டிங் பிளேயரால் கால் சுற்று இறுக்கினால் தீர்ந்துவிடும் காரியம்.

அடுத்தது கேப்பும் ஒயரும் சேரும் இடம். பழைய மாதிரி கேப்பை இடப்பக்கம் திருகினால் ஒயரிலிருந்து கழன்று வரும். உள்ளே கூர்மையான ஒரு திருகாணி ஒயரின் நடுவிலுள்ள செம்பு இழைகளுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் இணைப்பு. பற்றவைப்பு கிடையாது, நட்டு கிடையாது. எங்கள் ஊர்க் காற்றில் அந்த இழைகள் ஓரிரு மழைக்குப் பிறகு பச்சை ஏறி, தொட்டால் உதிரும் பொடியாகிவிடும். ஒயரின் நுனியைக் கூரிய கத்தியால் ஒரு விரல்நக அளவுக்கு நறுக்கினால் உள்ளே புதுச் செம்பு சிவப்பாகத் தெரியும். அதில் கேப்பை நேராக அழுத்தி, நிதானமாகத் திருகி ஏற்ற வேண்டும். ஏறும்போது திருகாணி இழைகளைக் கவ்வுவது விரலுக்குத் தெரியும். தெரியவில்லையென்றால் அது ரப்பரில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒயர் நீளம் கொஞ்சம் கூடுதலாக விட்டிருப்பவர்கள் பின்னால் வருகிறவர்களை நினைத்து வேலை செய்தவர்கள்.

பெரும்பாலான கேப்புகளுக்குள் ரேடியோவுக்கு இரைச்சல் போகாமலிருக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பொதுவாக 5000 ஓம். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் கேப்பின் இரண்டு பக்கம் வைத்தால் அந்த அளவை ஒட்டிக் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் உள்ளே முறிந்திருக்கிறது. முறிந்தாலும் பொறி அந்த முறிவையும் தாண்டிக்கொண்டு போகும். அதனால்தான் வண்டி சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. இப்படி வந்து வந்து போகிற கோளாறு மனதைக் கலங்கடிக்கும். அளந்து பார்த்தவருக்கு மட்டும் அது ஒரு எண்.

பாயிண்டுகளின் முகம் வேறு ஒரு உலகம். 0.35-லிருந்து 0.40 மி.மீ. திறப்பு. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மேடு பள்ளம் எடுத்த பிறகு, ஒரு பழைய விசிட்டிங் கார்டைக் கிழித்துப் பெட்ரோலில் நனைத்து, மூடிய பாயிண்டுகளுக்கு நடுவே வைத்து இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் ஒரு கறுப்புக் கோடு வரும். கோடு வருவது நிற்கும் வரை கார்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை போதும், 12 வோல்ட்டை அங்கேயே தடுத்து நிறுத்திவிடும். பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பெரிதாகப் பொறி பறந்து முகம் தீய்ந்துகொண்டே இருந்தால் பக்கத்திலிருக்கும் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். அதுவும் மாற்றுவதற்கு முன்னால், அதன் ஒயர் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று.

எர்த்தை எல்லாரும் மறக்கிறார்கள். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் என்பது ஏனோ மனதில் நிற்பதில்லை. வண்டிக்குப் புது பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு வாரத்தில் பட்டறைக்கு வருவதுண்டு. எர்த் போல்ட்டுக்கு அடியில் பளபளவென்று பெயின்ட் இருக்கும். அதைச் சுரண்டி இரும்பைக் காட்டினால் சரியாகிவிடும்.

*

ராத்திரி, தெருவிளக்கும் அணைந்த நேரத்தில், வண்டியை வெளியே திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, கேப்பையும் ஒயரையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகட்டும். எங்கேயாவது இன்சுலேஷன் விட்டிருந்தால் அந்த இடத்தில் நீலமாக ஏதோ ஊர்வது தெரியும். பகலில் எத்தனை டார்ச் அடித்தாலும் தெரியாத கசிவு அது. பிளக்கின் பீங்கானில் வரிவரியாக மேடு வைத்திருப்பது இந்தக் கசிவுக்காகத்தான். மேலே தலையிலிருந்து கீழே இரும்பு வரை மின்சாரம் பீங்கானின் தோல்வழியே வழுக்கிப் போய்விடாமல், போகும் தூரத்தைக் கூட்டுகிறார்கள். அந்த வரிகளில் கைரேகையோடு எண்ணெயும் தூசியும் படிந்தால் அதுவே சாலையாகிவிடும். பனியன் வேஸ்டால் அந்த வெள்ளையைத் துடைப்பது அழகுக்காக அல்ல.

*

பொறியால் பற்றவைப்பது பழைய யோசனை. பாரிஸில் எத்தியென் லெனுவார் 1860-ல் செய்த எரிவாயு இன்ஜினிலேயே தூண்டல் சுருளும் பொறியும் இருந்தன. ராபர்ட் பாஷ் பட்டறையில் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் வேகமான இன்ஜின்களுக்கு வழி திறந்தது. அந்த பாஷின் இந்தியக் கிளையாக பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோவின் பெயரைப் பிளக் டப்பாவில் படித்துப் படித்தே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் வளர்ந்தார்கள். அடிப்படை மட்டும் அன்றிலிருந்து அப்படியே இருக்கிறது: பீங்கானுக்குள் ஒரு கம்பி, வெளியே ஒரு கம்பி, நடுவே காற்று.

*

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஊரில் எல்லா வண்டிக்கும் தண்ணீர் சர்வீஸ். பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் மழையைவிடப் பொல்லாதது. மழை மேலிருந்து வரும், இது எல்லாப் பக்கமிருந்தும் நுழையும். மறுநாள் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக வண்டிகள் ஜோராக நிற்கும். பாதி வண்டி கிளம்பாது.

அக்கா மகள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “மாமா, நேத்து நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்கு. கடையில விட்டா ரெண்டு நாள் ஆவுமாம்.”

“பிளக்கு எங்க இருக்குன்னு தெரியுமா பிள்ள?”

“தெரியாது மாமா.”

“வா, காட்டுதேன்.”

நான் தொடவில்லை. கால் வைக்கும் இடத்துக்குக் கீழே, மூடியை அவள்தான் கழற்றினாள். கேப்பை உருவச் சொன்னேன். பயந்து பயந்து ஒயரைப் பிடித்தாள், பிறகு தானாகவே கையை மாற்றிக் கேப்பைப் பிடித்தாள். உருவியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு, அப்புறம் இன்னொன்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்னு இப்பமே சொல்லாத. தொடச்சிட்டுப் பாரு.”

துணியைச் சுருட்டிக் கேப்புக்குள் விட்டுத் துடைத்தாள். பிளக்கின் வெள்ளையைத் துடைத்தாள். நான் சொல்லாமலே தலையிலிருந்த நட்டை விரலால் அசைத்துப் பார்த்தாள். அது ஆடவில்லை. கேப்பின் ரப்பர் உதடு ஒரு பக்கம் வெடித்திருந்தது, அதை அவளே கண்டுபிடித்துக் காட்டினாள். வெயிலில் கொஞ்ச நேரம் காயவிட்டு மாட்டினோம். மாட்டும்போது கேப் உள்ளே போய் ‘டொக்’ என்று உட்கார வேண்டும், அந்தச் சத்தம் வராவிட்டால் மாட்டியதாக அர்த்தமில்லை என்றேன். இரண்டாம் தடவை அழுத்தியதும் வந்தது. சுவிட்சை அழுத்தினாள், வண்டி கிளம்பிவிட்டது.

வெடித்த ரப்பர் அடுத்த மழையிலும் தண்ணீர் விடும், கேப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். இணைப்பைப் பார்த்துவிட்டுப் பாகத்தை மாற்றுவது வேறு, பார்க்காமலே மாற்றுவது வேறு.

*

புல்லட்டின் ஹெட்லைட் முகப்பில் ஒரு ஆம்மீட்டர் இருக்கிறது. பலருக்கு அது அலங்காரம். எனக்கு அதுதான் குரு.

சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல, மிக மெல்ல, கையால் அழுத்துவதுபோல் காலால் அழுத்தினால் முள் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பாயிண்ட் மூடியிருக்கிறது, காயிலுக்கு மின்சாரம் போகிறது. இன்னும் அழுத்தினால் கம்ப்ரஷன் காலைத் தடுக்கும். அந்தத் தடுப்பு வரும் இடத்திலேயே முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்துவிட்டது. டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு அங்குலம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. அவசரப்பட்டுத் தொடர்ந்து மிதிப்பவர்களின் முழங்கால்தான் வலிக்கும். முள்ளைப் பார்த்து மிதித்தால் குழந்தைகூடக் கிளப்பலாம் என்று அண்ணாச்சி சொல்வது உண்மைதான்.

முள் சாயவே இல்லையா? பாயிண்ட் முகம் அழுக்கு, அல்லது வழியில் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. சாய்ந்த முள் நடுவுக்கே வரவில்லையா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்பேனரையும் எடுக்காமல், பாதிப் பாதையை இருந்த இடத்திலிருந்தே சோதித்தாகிவிட்டது. இந்த முள்ளைப் பார்த்து நிற்கும் அரை நிமிடத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் முள் திரும்புவது தவறிவிடும். மூச்சைக் கவனிக்கச் சொல்லும் இடங்களில் எனக்கு வாய்க்காத ஒருமுகம் இங்கே தானாகக் கிடைக்கிறது. முயன்று அடைவதில்லை. கால் ஒன்றை உணர்கிறது, கண் ஒன்றைப் பார்க்கிறது, இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

*

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய போய்விட்டது. பாயிண்ட் அதற்கு முன்பே போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதையெல்லாம் ஒரு சின்னப் பெட்டி தீர்மானிக்கிறது. நல்லதுதான், புகை குறைகிறது, வண்டி ஒரே அழுத்தில் கிளம்புகிறது. இனி வீட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அந்தப் பெட்டியும் பிளக்கிடம்தான் வந்து சேர வேண்டும். கேப்பும் தலை நட்டும் எர்த்தும் இன்றும் இருக்கின்றன. பேட்டரி முனையில் வெள்ளைப் பூ இன்றும் பூக்கிறது. சோதனைக் கருவியைச் செருகினால் கோளாறின் எண் திரையில் வரும். ஆனால் ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பதை அந்த எண் பல சமயம் பாகத்தின் பெயரால்தான் சொல்லும். பாகத்தை வாங்கி மாற்றுவார்கள். மாற்றும்போது இணைப்பைக் கழற்றி மாட்டுவதால் கோளாறு தீரும். தீர்ந்தது எதனால் என்று யாருக்கும் தெரியாமலே போகும். குறையில்லாத ஒரு பாகம் குப்பைக்குப் போயிருக்கும்.

பட்டறைக்காரர்களின் பிழைப்பைப் பறிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ரிங், வால்வு, கிராங்க் என்று அவர்கள் கைக்கு மட்டுமே ஆகிற வேலை நிறைய இருக்கிறது. எங்கே மிஸ் அடிக்கிறது, எப்போது அடிக்கிறது, எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லத் தெரிந்தவர் வண்டியை விட்டால் அவர்களுக்கே அது பாதி வேலை மிச்சம்.

*

போன வாரம் அக்கா மகள் கேட்டாள், “மாமா, எனக்குன்னு ஒரு பிளக் ஸ்பேனர் வாங்கணும். எந்த சைஸு?”

அவளுடைய ஸ்கூட்டர் பிளக்குக்கு 10 மி.மீ. மரை, 16-ஆம் நம்பர் ஸ்பேனர். என் புல்லட்டுக்கு 14 மி.மீ. மரை, 21-ஆம் நம்பர். ஒரு முனையில் 16, மறுமுனையில் 21 இருக்கும் குழாய் ஸ்பேனர் கிடைக்கும், உள்ளே ரப்பர் வளையம் இருப்பதாகப் பார்த்து எடு, பிளக் நழுவிக் கீழே விழாது என்றேன். வாங்கிவிட்டாள். கூடவே ஒரு புது பிளக்கும் ஒரு கேப்பும். ஸ்பேர் பிளக்கை அட்டைப் பெட்டியோடு அப்படியே டிக்கியில் போடாதே, இடைவெளியை முதலில் அளந்து வை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஃபீலர் கேஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே என் டூல் பாக்ஸைத் திறந்துவிட்டாள்.